பல் பிடித்துப் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவை ஒவ்வொன்றும் முப்பத்தெட்டாயிரம் ராண்ட்.
ஆகவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டேன்.

டண்டியில் ஜூன் மாதம்.
தீத்தடுப்புக்கு எரித்த புல்லின் கரி
கராஜ் கதவிடுக்கில் வந்து படிகிறது.
திருமதி ஸ்வானெப்பூல் மேசைமேல் போர்வை விரித்து
இரண்டையும் பக்கம் பக்கமாய்க் கிடத்தியிருந்தார்,
ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டச் சொல்வதுபோல.

முதலாவது அழகு.
குழல் பழுப்பு, கட்டை தேன் நிறம்,
போர்க்களத்தில் பொறுக்கியதாம்.
நான் மாரிட்ஸ்பர்க்கில் பொய்ப்பல் செய்கிறவன்.
பக்கத்துப் பல்லின் தேநீர்க் கறைக்கு ஒத்த மஞ்சளை
முப்பது வருஷமாய்
ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டிச் சூளையில் சுட்டவன்.
கை படாத இடத்திலும் தேய்ந்திருக்கிற பழமையை
என்னிடம் விற்க முடியாது.
அழுக்குக்கும் ஒரு நியாயம் உண்டு,
விரல் போன இடத்தில்தான் அது போகும்.
திருகாணித் தலைகளின் காடிக்குள் நேற்றைய பளபளப்பு.

ஒன்றும் சொல்லவில்லை.
கணவர் போய் நாலு மாதம்.
அவர் ஏமாந்ததை இவரிடம் ஏன் சொல்ல.

இரண்டாவது மார்ட்டினி ஹென்றி.
பூண் கறுத்து, குறிபார்க்கும் நாக்கு ஒடிந்து,
கன்னம் வைக்கும் இடத்தில் ஓர் அடைப்பு:
வேறு மரம், வேறு ரேகை.
"அதுக்காக ஆறாயிரம் குறைக்கிறேன்" என்றார் வெட்கத்தோடு.
நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொத்தையைச் சுரண்டி, ஓரம் சரித்து,
சாமணத்தால் இறக்கியதுபோல.
யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை.
எதை அடித்து உடைந்ததோ.
எதை என்றுதான் கேட்டுக்கொண்டேன்,
யாரை என்று கேட்கவில்லை.

எண் ஒத்துப்போகிறதா, அதுதானே சேகரிப்பவனின் முதல் கேள்வி.
குழலில் ஓர் எண், சட்டத்தில் அதே எண்,
அடித்தகட்டில் மட்டும்
ஒரு கரும்புத் தோட்டத்தின் முத்திரையும் நாற்பத்தொன்றும்.
எங்கள் வீட்டிலும் ஓர் எண் உண்டு,
கப்பல் பதிவேட்டிலிருந்து மைத்துனி நகலெடுத்தது,
ஐந்து இலக்கம், பெயருக்கு முன்னால்.
அது வேறு தோட்டம்.
வேறுதான் என்று
லென்ஸ் வைத்து இரண்டு முறை பார்த்தேன்.

சரோஷினி போனில்:
"சுடுமா?"
"தோட்டா இப்ப யாரும் செய்யறதில்ல."
"சுடாததுக்கு இவ்வளவு காசா?"
"சுட்டா?"
"சுட்டா வீட்டுக்குள்ள வரக் கூடாது."

மூன்று வருஷத்துக்கு முன்
சமையலறை ஜன்னல் கம்பியை வளைத்து வந்தவன் கையில்
இருந்தது நிஜமா பொம்மையா,
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.
அவள் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
சின்னதாக, வட்டமாக, சுத்தமாக இருந்தது.

ரஸ்க்கோடு தேநீர் வந்தது.
கூரையில் ஹடீடாக்கள் சொத்துச் சண்டைபோலக் கத்தின.
"யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் படயாச்சி.
வியாழக்கிழமை ஜோபர்க்கிலிருந்து ஒருத்தர் வரார்.
அவருக்கு முதலாவதுதான் வேணுமாம்."
வாயைத் திறந்தேன்.
ரஸ்க்கை நனைத்துப் போட்டுக்கொண்டேன்.

எடுத்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன்.
தரையை நோக்கித்தான் பிடித்தேன்.
கன்னம் தானாகப் போய் அந்த அடைப்பில் உட்கார்ந்தது,
அளவெடுத்துச் செய்ததுபோல, குளிர்ச்சியாக.
அதுதான் பிடிக்கவில்லை.
அதுதான் பிடித்தது.

கிளென்கோ தாண்டி வண்டியை ஓரங்கட்டி
பெட்ரோல் ரசீதின் முதுகில் கணக்கெழுதினேன்.
முப்பத்திரண்டு. இரும்புப் பெட்டி எட்டு.
சுவரில் துளையிட ஆள்கூலி.
போலீஸ் வந்து பார்த்துப்போக ஒரு நாள் லீவு.
எந்தச் சுவர் என்ற இடத்தில் பேனா நின்றது.
படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
அந்த ஜன்னல்.

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.
லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டேன்.
மறுபடி எடுத்தேன்,
வண்டிக் கண்ணாடியில்
கன்னத்து எண்ணெயைப் பார்க்க.